வட்டு இடமா, வேகமா: மென்பொருள் வடிவமைப்பில் முடிவெடுக்கும் முறை

ஒரு கணக்கின் விடையைச் சேமித்து வைத்தால் அடுத்த முறை கணக்கிட வேண்டியதில்லை. சேமிக்காவிட்டால் இடம் மிச்சமாகும், ஆனால் ஒவ்வொரு முறையும் கணக்கிட்டாக வேண்டும். இடத்துக்கும் வேகத்துக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவது இவ்வளவுதான். இதில் தவறில்லை என்றாலும், வட்டை (டிஸ்க்கை) பொறுத்தவரை இது பாதி உண்மையே. வட்டிலிருந்து படிப்பதே மெதுவான வேலை என்பதால், குறைந்த இடத்தில் அடங்கும் தரவு பல சமயங்களில் வேகமாகக் கைக்கு வரும் தரவாகவும் இருக்கிறது. அப்போது விட்டுக்கொடுக்க வேண்டியது எதுவுமே இல்லை. வேறொரு கணினியில், வேறு வகை வட்டில், அதே உத்தி வேகத்தைக் கெடுத்துவிடவும் கூடும். எனவே இடம் வேண்டுமா வேகம் வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னால், நிரல் இப்போது எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையின் முறை முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

காத்திருப்பு எங்கே என்று கண்டறிதல்

வேகம் போதவில்லை என்ற புகார் வந்தவுடன் ஒரு கேஷை (திரும்பத் தேவைப்படும் தரவை எடுத்து வைக்கும் தற்காலிகச் சேமிப்பை) சேர்ப்பதும், வட்டு நிரம்புகிறது என்ற எச்சரிக்கை வந்தவுடன் எல்லாவற்றையும் சுருக்கி வைப்பதும் யோசிக்காமலே நடக்கும் செயல்களாகிவிட்டன. இரண்டுக்கும் முன்பாக, மெதுவாக இருக்கும் அந்த ஒரு வேலையை மட்டும் ஓடவிட்டு, அந்த நேரத்தில் செயலி (சிபியு) எவ்வளவு உழைக்கிறது, வட்டு எவ்வளவு உழைக்கிறது என்று பாருங்கள். லினக்ஸில் ஐஓஸ்டாட், விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டர் போன்ற கருவிகளே இதற்குப் போதும். செயலி ஓய்வாக இருந்து வட்டு முழுமூச்சில் ஓடினால், தரவைச் சிறிதாக்குவதுதான் வேகத்துக்கும் வழி. செயலி திணறி வட்டு ஓய்வாக இருந்தால், கணக்கிட்ட விடைகளைச் சேமித்து வைக்க இடத்தைத் தாராளமாகச் செலவிடலாம். இரண்டுமே ஓய்வாக இருந்தால் சிக்கல் பூட்டுகளிலோ (ஒரு பணி முடியும்வரை மற்றதை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு), நெட்வொர்க்கிலோ, கோரிக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிக் காத்திருக்கும் நிரலிலோ இருக்கிறது. அங்கே எவ்வளவு இடத்தைக் கொட்டினாலும் வேகம் வராது.

சில எண்களை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ரேமிலிருந்து ஒரு மதிப்பை எடுக்க ஏறத்தாழ 100 நானோநொடி ஆகும். என்விஎம்இ என்னும் வேகமான இணைப்புள்ள எஸ்எஸ்டியில் (சுழலும் பாகமில்லாத மின்னணு வட்டில்) எங்கோ ஓரிடத்தில் இருக்கும் ஒரு பக்கத்தை (சில கிலோபைட் தரவை) படிக்க ஏறத்தாழ 100 மைக்ரோநொடி, அதாவது ஆயிரம் மடங்கு அதிகம். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி ஆவதால், வேண்டிய இடம் படிக்கும் தலைக்கு அடியில் வந்து சேரவே சராசரியாக 4 மில்லிநொடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு நொடியில் ஏறத்தாழ நூறு இடங்களுக்கு மேல் அதனால் தாவிப் படிக்க முடியாது. அதே ஹார்ட் டிஸ்க் தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு 150 முதல் 200 மெகாபைட் வரை தரும். தாவிப் படிப்பதா, தொடர்ந்து படிப்பதா என்ற வேறுபாடு, எத்தனை பைட் என்ற கணக்கைவிடப் பல இடங்களில் முக்கியமானது.

அளக்கும்போது ஒரு பொறி உண்டு. ஒரு கோப்பை முதல் முறை படித்தவுடன் இயங்குதளம் அதை ரேமில் வைத்துக்கொள்கிறது. இரண்டாம் முறை அளந்தால் நீங்கள் அளப்பது வட்டை அல்ல, ரேமை. கேஷ் காலியாக இருக்கும் நிலையிலும், நிறைந்திருக்கும் நிலையிலும் தனித்தனியே அளந்து, உங்கள் பயனர்கள் பெரும்பாலும் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். கைபேசியில் ஓர் ஆப்பைக் காலையில் முதன்முறை திறப்பவருக்கு இரண்டாம் அளவீட்டால் ஒரு பயனும் இல்லை. இயங்குதளம் இப்படி ரேமில் வைத்துக்கொள்வதும் அளவு குறைந்த தரவுக்குச் சாதகமாகவே நிற்கிறது: தரவு பாதியானால், அதே ரேமில் இரு மடங்கு தரவு தங்குகிறது, வட்டுக்குப் போக வேண்டிய தேவையே குறைகிறது.

சுருக்கம்: ஒரே உத்திக்கு இரண்டு விடைகள்

நிரலின் நிகழ்வுகளைப் பதிந்து வைத்த, 1 ஜிகாபைட் அளவுள்ள ஒரு லாக் கோப்பை முழுவதும் படித்துத் தேட வேண்டும் என்று கொள்வோம். நொடிக்கு 150 மெகாபைட் தரும் ஹார்ட் டிஸ்க்கில் இதற்கு ஏறத்தாழ 6.7 நொடி ஆகும். ஜிசிப் என்ற பரவலான சுருக்க முறையில் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வைத்தால் வட்டிலிருந்து வர வேண்டியது 333 மெகாபைட்தான், அது 2.2 நொடியில் வந்துவிடும். விரித்தெடுக்கும் வேலை ஒரு செயலிக் கருவில் (கோரில்) நொடிக்கு 300 முதல் 400 மெகாபைட் வேகத்தில் நடக்கும் என்று வைத்துக்கொண்டால், படிப்பதும் விரிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கையில் மொத்தம் ஏறத்தாழ 3 நொடியில் வேலை முடிகிறது. இடமும் மிச்சம், வேகமும் இரு மடங்கு.

அதே கோப்பை நொடிக்கு 3,500 மெகாபைட் தரும் என்விஎம்இ எஸ்எஸ்டியில் வைத்துப் பாருங்கள். சுருக்காமல் படிக்க 0.3 நொடி போதும். ஜிசிப்பில் சுருக்கியிருந்தாலோ, வட்டு எவ்வளவு வேகமாக இருந்தாலும் விரித்தெடுப்பதற்கே கிட்டத்தட்ட 3 நொடி ஆகிவிடும். முன்பு வேகத்தை இரட்டிப்பாக்கிய அதே முடிவு இப்போது பத்து மடங்கு மெதுவாக்குகிறது. நிரலில் ஒரு வரியும் மாறவில்லை. வட்டு மட்டும் மாறியது. ஹார்ட் டிஸ்க் காலத்தில் எடுத்த சுருக்க முடிவுகளைக் கருவி மாறிய பின்னும் அப்படியே விட்டுவைத்திருக்கும் திட்டங்கள் எல்லாம் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

எஸ்எஸ்டியில் சுருக்கமே கூடாது என்பது இதன் பொருளல்ல. யான் கொலெட் உருவாக்கி 2011-இல் வெளியான எல்இசட்4 என்ற முறை, சுருக்கும் அளவில் ஜிசிப்பைவிடப் பின்தங்கியது என்றாலும், ஒரே கருவில் நொடிக்குப் பல ஜிகாபைட் வேகத்தில் விரித்தெடுக்கக் கூடியது. மேலே கண்ட கோப்பைப் பாதியாகச் சுருக்கி, சுருக்காத கோப்புக்கு நிகரான நேரத்திலேயே அது படித்துக் கொடுக்கும். அவரே ஃபேஸ்புக்கில் இருந்தபோது 2016-இல் வெளியான இசட்ஸ்டாண்டர்ட் வேகத்தில் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: ஜிசிப்பைவிடச் சிறிதாகச் சுருக்குகிறது, பல மடங்கு வேகமாக விரிக்கிறது. சுருக்கும் அளவை எவ்வளவு உயர்த்தினாலும் விரித்தெடுக்கும் வேகம் பெரிதாகக் குறையாது என்பது அதன் மதிப்புமிக்க பண்பு. ஒரு முறை எழுதி ஆயிரம் முறை படிக்கும் தரவுக்கு, சுருக்கும்போது எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை என்று உயர்ந்த அளவைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆர்ச் லினக்ஸ் திட்டம் தன் மென்பொருள் பொதிகளை எக்ஸ்இசட் என்ற சுருக்க முறையிலிருந்து இசட்ஸ்டாண்டர்டுக்கு மாற்றியபோது, 2020 ஜனவரியில் வெளியிட்ட அறிவிப்பில் இரண்டு எண்களைக் கொடுத்தது. எல்லாப் பொதிகளின் மொத்த அளவு ஏறத்தாழ 0.8 சதவீதம் கூடியது. விரித்தெடுக்கும் வேகம் ஏறத்தாழ 1,300 சதவீதம் உயர்ந்தது. இத்தகைய ஒரு பேரத்தை மறுக்கக் காரணமே இல்லை. உங்கள் முடிவையும் இப்படி இரண்டு எண்களாக எழுத முடிந்தால், விவாதம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

சுருக்கத்தில் மறந்துவிடக் கூடாத இன்னொன்று, நடுவிலிருந்து படிக்கும் தேவை. ஒரு பெரிய கோப்பை முழுமையாக ஜிசிப் செய்துவிட்டால், நடுவில் இருக்கும் 200 பைட்டுக்காகத் தொடக்கத்திலிருந்து விரித்துக்கொண்டே வர வேண்டும். எனவே தரவைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சுருக்குங்கள். துண்டு பெரிதானால் நன்றாகச் சுருங்கும், ஆனால் சிறு தேவைக்கும் பெரிய துண்டை விரிக்க வேண்டியிருக்கும். ராக்ஸ்டிபி தரவுத்தளம் இயல்பாக 4 கிலோபைட் துண்டுகளையும், இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை இயல்பாக 128 கிலோபைட் பதிவுகளையும் பயன்படுத்துகின்றன. ஒன்று சிறு பதிவுகளைத் தேடி எடுப்பதற்காகவும், மற்றொன்று கோப்புகளை வாரிப் படிப்பதற்காகவும் அமைந்தவை. நூறு, இருநூறு பைட் அளவுள்ள சிறு பதிவுகளைத் தனித்தனியே சுருக்கியே ஆக வேண்டும் என்றால், மாதிரிப் பதிவுகளிலிருந்து ஓர் அகராதியை முன்கூட்டியே தயாரித்துக்கொள்ளும் வசதி இசட்ஸ்டாண்டர்டில் இருக்கிறது. ஜேபெக் படங்களையும் எம்பி4 காணொளிகளையும் மறுபடியும் சுருக்க முயல வேண்டாம். அவை ஏற்கெனவே சுருங்கியவை, செயலியின் நேரம்தான் வீணாகும்.

இன்டெக்ஸ்: இடத்தைக் கொடுத்து வேகத்தை வாங்குவது

இடத்துக்கு வேகம் என்ற பேரம் அதன் தூய வடிவில் நடப்பது இன்டெக்ஸில், அதாவது ஒரு மதிப்பு அட்டவணையில் எங்கே இருக்கிறது என்று காட்டும் தனிப் பட்டியலில்தான். 1970-களின் தொடக்கத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் அறிமுகப்படுத்திய, மதிப்புகளைக் கிளை கிளையாக அடுக்கி வைக்கும் பி-மரம் இன்றும் பெரும்பாலான தரவுத்தளங்களின் அடிப்படையாக இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 10 கோடி வரிசைகள் உள்ள ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். ஒரு வரிசைக்கு 100 பைட் என்றால் அட்டவணை 10 ஜிகாபைட்; நொடிக்கு 500 மெகாபைட் தரும் எஸ்எஸ்டியில் முழுவதையும் படித்துத் தேட 20 நொடி ஆகும். 8 பைட் எண் கொண்ட ஒரு நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் அமைத்தால், ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் 8 பைட் தலைப்பு, 8 பைட் எண், 4 பைட் சுட்டி என 20 பைட் தேவை. பக்கங்களில் இயல்பாக விடப்படும் 10 சதவீத இடைவெளியையும் சேர்த்தால் ஏறத்தாழ 2.2 ஜிகாபைட். மரத்தின் ஆழம் நான்கு நிலைகள்தான். மேல் நிலைகள் ரேமிலேயே தங்கிவிடுவதால் ஓரிரு முறை மட்டும் வட்டைத் தொட்டுவிட்டு, ஒரு மில்லிநொடிக்குள் விடை வந்துவிடுகிறது. 2.2 ஜிகாபைட் கொடுத்து 20 நொடியை மில்லிநொடியாக்குவது எந்தக் கணக்கிலும் நல்ல பேரம்.

இனி அந்த நெடுவரிசையில் யுயுஐடி, அதாவது எங்கும் மீண்டும் வராதபடி உருவாக்கும் அடையாள எண், இருக்கிறது என்று கொள்வோம். அதை 36 எழுத்து உரையாகச் சேமித்தால் ஓர் உள்ளீட்டுக்கு 52 பைட் ஆகி, இன்டெக்ஸ் 5.8 ஜிகாபைட்டாகிறது. அதற்கென்றே உள்ள 16 பைட் வகையில் சேமித்தால் 28 பைட், மொத்தம் 3.1 ஜிகாபைட். தரவுத்தளத்துக்கு 4 ஜிகாபைட் ரேம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்றால், இரண்டாவது இன்டெக்ஸ் முழுவதும் நினைவகத்தில் தங்கும், முதலாவது தங்காது. தேடல்களில் ஒரு பகுதி ஆயிரம் மடங்கு மெதுவான வட்டுக்குப் போய்வரத் தொடங்கும். இங்கே விட்டுக்கொடுத்தல் எதுவும் இல்லை, சரியான தரவு வகையைத் தேர்ந்தெடுத்ததால் இடமும் குறைந்தது, வேகமும் கூடியது. சுருக்க முறைகளை ஆராய்வதற்கு முன்னால் தரவு வகைகளை ஒரு முறை சரிபார்க்கும்படி நான் வலியுறுத்துவது இதனால்தான். தேதிகளை உரையாக வைப்பதும், ஒரே ஐந்தாறு சொற்கள் திரும்பத் திரும்ப வரும் நெடுவரிசையில் சொல்லையே ஒவ்வொரு வரிசையிலும் எழுதுவதும் இதே வகைக் கசிவுகள்.

இன்டெக்ஸின் உண்மையான விலை வட்டில் அது பிடிக்கும் இடம் மட்டுமல்ல. ஒரு வரிசையைச் சேர்க்கும்போது அட்டவணையோடு ஒவ்வோர் இன்டெக்ஸிலும் எழுத வேண்டும். போஸ்ட்கிரெஸில் இன்டெக்ஸ் உள்ள நெடுவரிசை எதையும் தொடாத மாற்றம், அதே பக்கத்தில் இடமும் இருந்தால், இன்டெக்ஸ்களைத் தொடாமலே முடிந்துவிடும். அடிக்கடி மாறும் நெடுவரிசைக்கு நீங்கள் ஓர் இன்டெக்ஸ் சேர்த்த நொடியில் அந்தச் சலுகை பறிபோகிறது. இந்தச் சலுகை தொடர்ந்து கிடைப்பதற்காகவே, அடிக்கடி மாறும் அட்டவணையில் ஒவ்வொரு பக்கத்திலும் பத்து முதல் இருபது சதவீத இடத்தை வேண்டுமென்றே காலியாக விடும் அமைப்பும் உண்டு. வெற்று இடத்தைக் கொடுத்து வேகம் வாங்கும் அழகான உத்தி அது.

நேர வரிசையில் வந்துகொண்டே இருக்கும் அளவீடுகள், லாக் பதிவுகள் போன்றவற்றுக்கு முழு பி-மரம் தேவைப்படாமலே போகலாம். 2016 தொடக்கத்தில் வெளியான போஸ்ட்கிரெஸ் 9.5-இல் வந்த பிரின் இன்டெக்ஸ், இயல்பு அமைப்பில் 128 பக்கங்கள் கொண்ட ஒவ்வொரு பகுதிக்கும் சிறும மதிப்பையும் பெரும மதிப்பையும் மட்டுமே குறித்து வைக்கிறது. 10 ஜிகாபைட் அட்டவணைக்கு ஏறத்தாழ பத்தாயிரம் குறிப்புகள், ஒரு மெகாபைட்டுக்கும் குறைவான இடம். தேடும்போது ஒரு மெகாபைட் பகுதியை முழுவதும் அலச வேண்டியிருக்கும், ஆனால் ஒரு நாளின் பதிவுகளை மொத்தமாக எடுக்கும் வேலைக்கு அது குறையே அல்ல. தரவு வட்டில் நேர வரிசையில் இல்லையென்றால் மட்டும் இது அறவே பயன்படாது.

எந்த இன்டெக்ஸை நீக்கலாம் என்பதற்குப் போஸ்ட்கிரெஸ் தானாகவே எண்ணி வைக்கும் பயன்பாட்டுக் கணக்கைப் பாருங்கள். எண்ணிக்கை சுழியம் என்பதாலேயே நீக்கிவிடாமல், மாத இறுதியிலோ ஆண்டு இறுதியிலோ மட்டும் ஓடும் அறிக்கை ஒன்று அதை நம்பியிருக்கிறதா, மதிப்புகள் மீண்டும் வரக் கூடாது என்ற விதியைக் காப்பதற்காக அது இருக்கிறதா, படிப்பதற்கென்று வைத்திருக்கும் பிரதி சர்வரில் அது பயன்படுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். அந்தக் கணக்கு ஒவ்வொரு சர்வரிலும் தனித்தனியே வைக்கப்படுகிறது.

வரலாற்றைச் சேமித்தல்

ஓர் ஆவணத்தின் எல்லாப் பதிப்புகளையும் வைத்திருக்கும் மென்பொருளை எழுதுகிறீர்கள். ஆவணம் 100 கிலோபைட், பதிப்புகள் 1,000, ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான வேறுபாடு சராசரியாக 1 கிலோபைட். ஒவ்வொரு பதிப்பையும் முழுமையாக வைத்தால் 100 மெகாபைட். எதைக் கேட்டாலும் உடனே கிடைக்கும். முதல் பதிப்பையும் வேறுபாடுகளையும் மட்டும் வைத்தால் 1.1 மெகாபைட், ஆனால் கடைசிப் பதிப்பைப் பெற 999 வேறுபாடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே, குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு முழுப் பதிப்பை வைப்பது வழக்கம். பத்துக்கு ஒன்று என்றால் ஏறத்தாழ 11 மெகாபைட், இருபதுக்கு ஒன்று என்றால் 6, ஐம்பதுக்கு ஒன்று என்றால் 3, நூறுக்கு ஒன்று என்றால் 2. இந்த எண்களைச் சற்று நிதானித்துப் பாருங்கள். பத்திலிருந்து ஐம்பதுக்குப் போகும்போது 8 மெகாபைட் மிச்சமாகிறது. ஐம்பதிலிருந்து நூறுக்குப் போகும்போது கிடைப்பது ஒரே ஒரு மெகாபைட், அதற்கு விலையாகப் பொருத்த வேண்டிய வேறுபாடுகளோ இரு மடங்காகின்றன. வேறுபாடுகள் பிடிக்கும் இடமும் முழுப் பதிப்புகள் பிடிக்கும் இடமும் ஒன்றையொன்று நெருங்கும் இடத்துக்குப் பிறகு இடைவெளியை நீட்டுவதில் பொருளில்லை. உங்கள் தரவுக்கான இரண்டு சராசரி அளவுகளை எடுத்து இதே கணக்கைப் போட்டால், இடைவெளியை ஊகிக்க வேண்டியிருக்காது. நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் தன் பொதிக் கோப்புகளில் வேறுபாடுகளின் சங்கிலி இயல்பாக 50-ஐத் தாண்டாதபடி பார்த்துக்கொள்கிறது.

எந்தப் பதிப்பை முழுமையாக வைப்பது என்பதிலும் சிந்திக்க இடமுண்டு. வால்டர் டிக்கி 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஆர்சிஎஸ் என்ற பதிப்பு மேலாண்மை மென்பொருள், கடைசிப் பதிப்பை முழுமையாக வைத்து, பழையவற்றைப் பின்னோக்கிய வேறுபாடுகளாக வைத்தது. பெரும்பாலோர் கேட்பது கடைசிப் பதிப்பைத்தான் என்பதால், காத்திருக்கும் சுமை அரிதாகக் கேட்கப்படும் பழைய பதிப்புகளின் மேல் விழுகிறது. இடத்தில் ஒரு பைட்கூடக் கூடவில்லை, சுமை விழும் இடம்தான் மாறியது. நிகழ்வுகளை லாக்காக வைத்து நிலையைக் கணக்கிடும் அமைப்புகளுக்கும், காப்புநகல் எடுக்கும் மென்பொருள்களுக்கும் இந்த முறை அப்படியே பொருந்தும்.

கணக்கிட்டுப் பெறக்கூடிய தரவு

சிறுபடங்கள், மொத்தத் தொகைகள், முன்கூட்டியே இணைத்து வைத்த அட்டவணைகள் ஆகியவை எல்லாம் மூலத் தரவிலிருந்து மறுபடியும் உருவாக்கக்கூடியவை. இவற்றை வைத்திருக்கலாமா என்று முடிவெடுக்க, ஜிம் கிரேயும் ஃபிராங்கோ புட்சோலுவும் 1987-இல் முன்வைத்த ஐந்து நிமிட விதியின் அணுகுமுறை இன்றும் உதவுகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையாவது தேவைப்படும் தரவை நினைவகத்திலேயே வைத்திருப்பதுதான் அன்றைய விலைகளின்படி சிக்கனம் என்று அவர்கள் காட்டினார்கள். அந்த ஐந்து நிமிடம் அந்தக் காலத்தின் விலைகளுக்கு உரியது. கணக்கிடும் முறை எந்தக் காலத்துக்கும் உரியது. ஒரு விடையை ஒரு நாள் வைத்திருக்க ஆகும் செலவையும், ஒரு முறை மறுபடி கணக்கிட ஆகும் செலவையும் ஒப்பிடுங்கள். எவ்வளவு இடைவெளியில் கேட்கப்பட்டால் இரண்டும் சமமாகும் என்று கண்டறிந்து, அதைவிட அடிக்கடி கேட்கப்படுவதை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைக் கணக்கிடுங்கள்.

சேமித்த விடையின் பெரிய விலை இடமல்ல, அது பழையதாகிவிடும் ஆபத்து. மூலம் மாறும்போது விடையை யார் அழிப்பார்கள் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத கேஷை வட்டில் எழுதவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ரேமில் உள்ள தவறு நிரலை மறுபடி தொடங்கினால் போய்விடும். வட்டில் உள்ள தவறு தங்கிவிடும். ஆகவே கணக்கிட்டுப் பெற்ற தரவை மூலத் தரவோடு கலக்காமல் தனி அடைவில் (ஃபோல்டரில்) வையுங்கள். அந்த அடைவை முழுவதும் அழித்தாலும் நிரல் மெதுவாகவாவது சரியாக ஓட வேண்டும். அதற்கு ஒரு மேல் வரம்பையும் முதல் நாளே விதித்துவிடுங்கள். வரம்பு இல்லாத கேஷ் வட்டை நிரப்பியே தீரும்.

சில இடங்களில் மிகச் சிறிய சேமிப்பு பெரிய வேலையைத் தவிர்த்துவிடும். பர்ட்டன் புளூம் 1970-இல் அறிமுகப்படுத்திய புளூம் வடிகட்டி, ஒரு சாவிக்கு (பதிவை அடையாளம் காட்டும் மதிப்புக்கு) 10 பிட் மட்டுமே செலவிட்டு, அந்தச் சாவி இங்கே இல்லவே இல்லை என்பதை உறுதியாகச் சொல்லும். இல்லாததை இருக்கக்கூடும் என்று அது தவறாகச் சொல்வது ஏறத்தாழ 1 சதவீதம்தான். 10 கோடி சாவிகளுக்கு 125 மெகாபைட். இல்லாதவற்றைத் தேடும் கோரிக்கைகள் அதிகம் வரும் அமைப்பில் இது காப்பாற்றும் வட்டுப் பயணங்கள் மிகப் பல.

எழுதும் பக்கமும் கண்ணுக்குத் தெரியாத இடமும்

படிக்கும் செலவு, எழுதும் செலவு, பிடிக்கும் இடம் ஆகிய மூன்றில் இரண்டைக் குறைத்தால் மூன்றாவது கூடும் என்ற கருத்தை 2016-இல் ஆய்வாளர்கள் ரம் ஊகம் (படித்தல், மாற்றுதல், நினைவகம் என்ற மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள்) என்ற பெயரில் முன்வைத்தார்கள். இதை நேரில் காண எல்எஸ்எம் மரம் என்ற சேமிப்பு அமைப்பு நல்ல இடம். 1996-இல் பேட்ரிக் ஓ'நீலும் உடன் ஆய்வாளர்களும் விவரித்த இந்த அமைப்பு, வரும் பதிவுகளைத் தொடர்ச்சியாக எழுதிக்கொண்டே போய், பின்னணியில் ஒன்றிணைக்கிறது. ராக்ஸ்டிபியில் நிலைவாரியாக ஒன்றிணைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால் வீணாகும் இடம் நல்ல நிலையில் 10 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், ஆனால் ஒரே தரவு பல முறை எழுதப்படும். ஒன்றிணைப்பைத் தள்ளிப்போடும் முறையைத் தேர்ந்தெடுத்தால் எழுதுவது குறையும், ஆனால் தரவின் அளவைப்போல இரு மடங்கு இடம்கூடத் தேவைப்படலாம். எழுத்து வெள்ளமாக வரும் அமைப்பா, படிப்பே அதிகமா என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

இடத்தைத் திட்டமிடும்போது நிலையான அளவை மட்டும் கணக்கிட்டால் போதாது. நீக்கிய வரிசைகளின் இடத்தைப் போஸ்ட்கிரெஸும், ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளமான எஸ்க்யூலைட்டும் பொதுவாக உடனே இயங்குதளத்திடம் திருப்பித் தருவதில்லை. திருப்பிப் பெற எஸ்க்யூலைட்டில் வேக்யூம் கட்டளையை ஓட்டினால், அந்த வேலை முடியும்வரை மூலக் கோப்பைப்போல இரு மடங்கு வரை காலி இடம் தேவைப்படலாம். அதாவது வட்டு நிரம்பிய பிறகு இடத்தை மீட்க முயன்றால், மீட்பதற்கே இடம் இருக்காது. எஸ்எஸ்டியும் நிரம்ப நிரம்ப, உள்ளே பக்கங்களை ஒதுக்கிச் சீரமைக்க இடமின்றி எழுதும் வேகத்தை இழக்கிறது. மிகப்பெரிய அட்டவணையை ஒரு முறை முழுதாக மறுபடி எழுதும் அளவுக்குக் காலி இடம் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை மணியும் அந்த அளவைத் தொடும்போதே அடிக்கட்டும்.

சிறு கோப்புகளைப் பற்றியும் ஒரு சொல். 200 பைட் அளவுள்ள 10 லட்சம் கோப்புகளில் உள்ள தரவு 200 மெகாபைட்தான், ஆனால் 4 கிலோபைட் தொகுதிகளாக ஒதுக்கும் கோப்பு முறைமையில் அவை 4 ஜிகாபைட்டுக்கு மேல் பிடிக்கும். ஒவ்வொன்றையும் திறந்து மூடும் செலவு வேறு. 10 கிலோபைட் அளவுள்ள பதிவுகளைத் தனிக் கோப்புகளிலிருந்து படிப்பதைவிட ஒரே தரவுத்தளக் கோப்பிலிருந்து படிப்பது ஏறத்தாழ 35 சதவீதம் வேகமாக இருந்ததாக எஸ்க்யூலைட் திட்டம் தன் அளவீட்டில் கண்டது. இங்கும் இடமும் வேகமும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன.

முடிவை மாற்ற வழி வைத்தல்

சோதனைக்கு உண்மையான தரவின் ஒரு பகுதியையே எடுங்கள். சுழியங்களால் நிரப்பிய கோப்பு நம்ப முடியாத அளவுக்குச் சுருங்கும், தற்செயல் எண்களால் நிரப்பிய கோப்பு சுருங்கவே சுருங்காது. இரண்டும் உங்கள் பயனர்களின் தரவைப் பற்றி எதுவும் சொல்லாது. நேரத்தைச் சராசரியாக மட்டும் பார்க்காமல், மிக மெதுவான நூறில் ஒரு கோரிக்கை எவ்வளவு நேரம் எடுத்தது என்றும் பாருங்கள். கேஷில் கிடைக்காதவர்களின் அனுபவம் அங்கேதான் தெரியும்.

எந்த முடிவை எளிதாகத் திரும்பப் பெறலாம், எதைப் பெற முடியாது என்ற வேறுபாட்டுக்கு நான் பெரும் மதிப்புக் கொடுக்கிறேன். ஓர் இன்டெக்ஸைப் பத்து நிமிடத்தில் நீக்கலாம், கேஷ் அடைவை அழித்துவிடலாம். இவற்றில் துணிந்து முயன்று பார்க்கலாம், நீண்ட விவாதம் தேவையில்லை. பயனர்களின் கணினிகளில் போய்த் தங்கிவிடும் கோப்பு வடிவம் அப்படியல்ல, பல ஆண்டுகள் கழித்தும் அதைப் படித்தாக வேண்டும். ஆகவே கோப்பின் தொடக்கத்தில் வடிவ எண்ணுக்கு ஒரு பைட்டும், ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் அது எந்த முறையில் சுருக்கப்பட்டது என்பதற்கு ஒரு பைட்டும், சுருக்காமல் வைத்திருப்பதற்கென ஒரு மதிப்பும் ஒதுக்கிவிடுங்கள். 64 கிலோபைட் துண்டுக்கு ஒரு பைட் என்பது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத செலவு. அது இருந்தால் பழைய துண்டுகளைத் தொடாமலே புதியவற்றை வேறு முறையில் எழுதத் தொடங்கலாம், சுருக்கியும் சிறிதாகாத துண்டுகளை அப்படியே விட்டுவிடலாம், வட்டின் வகை மாறும்போது பின்னணியில் மெதுவாக மாற்றிக்கொண்டும் வரலாம்.